ஷிரூர் மடத்தின் ஐந்து சதவீதம்: பிறர் சொத்தைப் பார்த்துக்கொள்ள அரசு வாங்கும் கட்டணம், ஒரு வழக்கு ஆய்வு

1946-இல் உடுப்பியில் ஷிரூர் மடத்தின் முறை வந்தது. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சாமான்களுக்குத் தட்டுப்பாடு, கிடைத்ததும் யானை விலை. ஆனால் முறையைத் தள்ளிப்போட முடியாது.

உடுப்பியில் மத்வாச்சாரியார் மரபில் வந்த மடங்கள் 8. கிருஷ்ணர் கோயில் பூஜையும் நிர்வாகமும் ஒவ்வொரு மடத்துக்கும் 2 வருடம் என்று சுற்றி வரும். இதற்குப் பர்யாயம் என்று பெயர். ஒரு மடம் முறையை முடித்துக் கொடுத்தால் மறுபடி அதன் கைக்கு வர 14 வருடம் காத்திருக்க வேண்டும். அந்த 2 வருடமும் பூஜை, விழா, வருகிறவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் முறைகார மடத்தின் செலவு. ஷிரூர் மடத்தின் தலைவர் லக்ஷ்மீந்திர தீர்த்த சுவாமியார் 1919-இல், மைனராக இருக்கும்போதே பட்டத்துக்கு வந்தவர். 1926 வாக்கில் நிர்வாகத்தைக் கையில் எடுத்தபோதே மடத்தின் தலையில் கடன் இருந்தது. அதில் பெரும்பகுதியை அடைத்தார். 1930களின் தொடக்கத்தில் முதல் பர்யாயம் வந்தது, திரும்பவும் கடன். அதிலிருந்து ஒருவாறு தேறி வரும்போது இரண்டாவது பர்யாயம். இந்த முறை கடன் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் வரை போய்விட்டது.

உடுப்பி இருந்த தென் கன்னட மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. கோயில், மடங்களை மேற்பார்வையிட்ட இந்து சமய அறநிலைய வாரியம் தலையிட்டது. தகுந்த ஒரு மேலாளரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சுவாமியாருக்குச் சொன்னது. அதன்படி ஒருவர் ஏஜெண்டாக வந்தார், 1948 டிசம்பரில் அவருக்குப் பவர் எழுதிக் கொடுக்கப்பட்டது. சுவாமியாருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. பவரை ரத்து செய்தார். வாரியமோ தானாகவே முன்வந்து மடத்துக்கு ஒரு நிர்வாகத் திட்டம் வகுக்க ஆரம்பித்தது. சுவாமியார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பழைய 1927 சட்டம் போய், 1951-இன் புதிய சென்னை இந்து சமய அறநிலையச் சட்டம் வந்தது. மனுவைத் திருத்தி அந்தப் புதிய சட்டத்தையே எதிர்த்தார்.

1954 மார்ச் 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைச் சட்டம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். மதம் என்றால் என்ன, எது மதத்தின் சாரமான பகுதி, எதில் அரசு கை வைக்கலாம் என்பதற்கெல்லாம் இன்று வரை அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். நான் இங்கே பேசப்போவது அது இல்லை. அந்தத் தீர்ப்பின் பின்பகுதியில் 1951 சட்டத்தின் 76-ஆம் பிரிவு பற்றிய சில பக்கங்கள் இருக்கின்றன. உங்கள் சொத்தை ஒரு அரசு அலுவலகம் பார்த்துக்கொண்டால் அதற்காக உங்களிடம் எவ்வளவு வாங்கலாம், எந்தக் கணக்கில் வாங்கலாம் என்ற கேள்விக்கு இந்திய நீதிமன்றங்கள் கொடுத்த பதில்களில் இவ்வளவு தெளிவான இன்னொன்றை நான் படித்ததில்லை. மடாதிபதிக்குச் சொன்னதாக இருந்தாலும், அப்பா விட்டுப்போன வீட்டுக்காகச் சொத்தாட்சியர் (பிறர் சொத்தைப் பொறுப்பேற்று நிர்வகிக்கும் அரசு அதிகாரி) அலுவலகப் படி ஏறும் பிள்ளைக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

76-ஆம் பிரிவு கேட்டது இதுதான். ஒவ்வொரு சமய நிறுவனமும் அரசும் அதன் அதிகாரிகளும் செய்யும் பணிகளுக்காக வருடந்தோறும் தன் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மிகாத ஒரு தொகையை அரசுக்குப் பங்களிப்பாகக் கட்ட வேண்டும். வருட வருமானம் 1,000 ரூபாய்க்குக் குறையாத நிறுவனம் கணக்குத் தணிக்கைச் செலவுக்கென்று மேலும் ஒன்றரை சதவீதம் வரை தர வேண்டும். கவனிக்க வேண்டிய சொல், வருமானம். மிச்சம் அல்ல. லட்ச ரூபாய் கடனில் இருக்கும் மடம் வருடம் 30,000 ரூபாய் வசூலித்து 35,000 செலவு செய்தது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் 30,000-க்கு 5 சதவீதம், 1,500 ரூபாய். தணிக்கைக்கு 450. கடன் வாங்கித்தான் இதையும் கட்ட வேண்டும்.

பங்களிப்பு என்பது நல்ல சொல்தான். ஆனால் கட்டாவிட்டால் வசூலிக்க வழி இருக்கிறது, எனவே அது விருப்பப்பட்டுத் தருவது இல்லை. அப்படியானால் அது வரியா, கட்டணமா? கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. அறநிலையங்களும் அவற்றுக்கான கட்டணமும் அரசமைப்பின் பொதுப் பட்டியலில், அதாவது நாடாளுமன்றமும் மாநிலமும் சட்டம் செய்யக்கூடியவற்றில் உள்ளன, ஆகவே மாநிலம் கட்டணம் விதிக்கலாம். சமய அறநிலையத்தின் மேல் வரி விதிக்க மாநிலப் பட்டியலில் இடம் கிடையாது, அது எந்தப் பட்டியலிலும் சேராதவற்றுக்காக நாடாளுமன்றத்துக்கு இருக்கும் எஞ்சிய அதிகாரத்தில்தான் வரும். வரி என்று ஆனால் சென்னை சட்டமன்றம் எல்லை தாண்டியது என்று அர்த்தம். உயர் நீதிமன்றம் 1951 டிசம்பரிலேயே வரி என்று சொல்லிவிட்டது. அரசு மேல்முறையீட்டில் இது கட்டணமே என்று வாதாடியது.

தலைமை நீதிபதி மெஹர் சந்த் மகாஜன் உள்பட 7 நீதிபதிகள். தீர்ப்பை எழுதியவர் பி. கே. முகர்ஜி. இந்து சமய அறக்கட்டளைச் சட்டம் பற்றிக் கல்கத்தாவில் தாகூர் சட்டச் சொற்பொழிவு நிகழ்த்தியவர், இந்தத் துறையில் அவருக்கு நிகராக அப்போது ஆள் அதிகம் இல்லை. அமர்வில் நம்மூர் டி. எல். வெங்கடராம ஐயரும் இருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் பரம்பரையில் பாட்டு கற்று, சங்கீத கலாநிதி பட்டமும் வாங்கியவர். அந்த அமர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது கூடவே ஞாபகம் வரும்.

முகர்ஜி முதலில் ஆஸ்திரேலிய நீதிபதி லேதம் கொடுத்த விளக்கத்தை எடுத்துக்கொண்டார். பொது அதிகாரம் ஒன்று பொதுக் காரியத்துக்காகக் கட்டாயமாக வாங்கும், செய்த வேலைக்குக் கூலியாக இல்லாத பணம் வரி. கட்டணம் அப்படி இல்லை. ஒருவருக்குக் குறிப்பாக ஒரு வேலை செய்து கொடுத்து அதற்காக வாங்குவது. அரசமைப்புச் சட்டமும் பண மசோதா பற்றிச் சொல்லும் இடத்தில் வரியையும் கட்டணத்தையும் தனித்தனியாகவே வைக்கிறது என்று காட்டினார். வரி எல்லோரும் சேர்ந்து சுமக்கும் பாரம், அதனால் அவரவர் வசதிக்குத் தக்கபடி போடுவார்கள். கட்டணத்தில் பொதுவாக யார் எவ்வளவு வசதி என்று பார்ப்பதில்லை.

அப்புறம் மூன்று விஷயங்களைத் தேடினார். வாங்கும் பணம் எங்கே போகிறது? 76-ஆம் பிரிவுப்படி வந்த பணம் மாநிலத்தின் தொகுப்பு நிதியில், அதாவது பொதுக் கஜானாவில் போய் விழுந்தது. அறநிலையத்துறையின் செலவு எங்கிருந்து வருகிறது? அந்தப் பணத்திலிருந்து இல்லை, மற்ற எல்லாத் துறைக்கும் போல பொது வருவாயிலிருந்து. வாங்குவதற்கும் செலவுக்கும் ஒரு தொடர்பு உண்டா? சட்டத்தில் எங்கும் இல்லை. துறைக்கு ஆகும் செலவு 2 சதவீதத்தில் அடங்கினாலும் 5 வாங்கலாம், மிச்சம் எதற்குப் போயிற்று என்று யாரும் கேட்க முடியாது. இந்தக் காரணங்களால் இது வரி, மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை, 76-இன் முதல் உட்பிரிவு செல்லாது என்று முடிவாயிற்று.

ஒரு இடத்தில் சுவாமியார் தரப்பு தோற்றது. ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்பின் 27-ஆவது பிரிவு. அதுவும் மீறப்பட்டது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தப் பணம் மதத்தை வளர்க்க இல்லை, சொத்து ஒழுங்காக நிர்வகிக்கப்படுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் என்றது. எனக்கு இது சரியாகவே படுகிறது. கேள்வி சொத்து மேற்பார்வைக்கான விலை பற்றியது என்று நீதிமன்றமே சொன்னதால்தான் இந்தத் தீர்ப்பை மடத்துக்கு வெளியேயும் எடுத்துப்போக முடிகிறது.

மற்றப் பிரிவுகளில் பலவும் விழுந்தன. அதிகாரிகள் எந்த இடத்துக்கும் நுழையலாம் என்ற 21, மடாதிபதி தனக்கு வரும் பாதகாணிக்கைக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற 55, மேலாளரை நியமிக்கச் சொல்லும் 56. மடாதிபதி வெறும் டிரஸ்டி அல்ல, சொத்தில் அவருக்கும் ஒரு அனுபோக உரிமை உண்டு என்றது நீதிமன்றம். அது தனிக் கதை.

அதே நாளில் ஒரிசாவிலிருந்து வந்த மகந்த் ஜகந்நாத் ராமானுஜ தாஸ் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அங்கேயும் மடங்களிடம் வருமானத்தை வைத்துப் பங்களிப்பு. அங்கேயும் கட்டாயம். ஆனால் அங்கே வாங்கிய பணம் கஜானாவுக்குப் போகவில்லை. தனி நிதி ஒன்று இருந்தது, ஆணையர் அலுவலகச் செலவு அதிலிருந்துதான் நடந்தது. அது கட்டணம், செல்லும் என்றது அதே நீதிமன்றம். இரண்டு நாள் கழித்து, மார்ச் 18-இல், பம்பாயின் ரதிலால் பானாசந்த் காந்தி வழக்கு. 1950-இன் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டப்படி அறக்கட்டளைகள் 2 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. அதுவும் தனி நிர்வாக நிதிக்கே போனது, அதுவும் செல்லும். ஒரு மத அறக்கட்டளைக்கு அறக்கட்டளை ஆணையரையே டிரஸ்டியாக நியமிக்க இடம் கொடுத்த விதி உள்பட வேறு சிலவற்றை அடித்துவிட்டார்கள்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும். சதவீதம் என்பதாலேயே சென்னைச் சட்டம் விழவில்லை, ஒரிசாவும் சதவீதம்தான், பம்பாயும் சதவீதம்தான். பணம் போய்ச் சேர்ந்த இடமும், அதற்கும் வேலைக்கும் இருந்த கணக்கும்தான் வித்தியாசம்.

சரி, சொத்தாட்சியருக்கு வருவோம். இறந்தவரின் சொத்தைப் பொறுப்பேற்க ஆள் இல்லாதபோதும், ஆள் இருந்தும் நீதிமன்றம் நடுநிலையாக ஒருவரை வைக்க நினைக்கும்போதும், அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் வருகிறார். அறக்கட்டளைச் சொத்து என்றால் அஃபிஷியல் டிரஸ்டி. முன்னவருக்கு 1963-இன் மத்தியச் சட்டம், பின்னவருக்கு 1913-இன் சட்டம். இவர்கள் இலவசமாக வேலை செய்வதில்லை. எவ்வளவு வாங்கலாம் என்பதை மாநில அரசு விதி செய்து சொல்லும், சதவீதமாகவும் இருக்கலாம், வேறு வகையிலும் இருக்கலாம், சொத்தின் வகைக்கும் வேலைக்கும் ஏற்ப மாறவும் செய்யலாம். ஆனால் சட்டத்திலேயே ஒரு கட்டு போட்டிருக்கிறார்கள். கட்டணம் கூடிய வரையில் அலுவலகத்தின் சம்பளத்துக்கும் மற்றச் செலவுக்கும், அரசுக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டத் தேவையான தொகைக்கும் போதுமான அளவில் அமைய வேண்டும். இந்த வாசகம் இங்கிலாந்தின் 1906 பொது டிரஸ்டி சட்டத்தின் சாயல் கொண்டது. அங்கே கடைசியில், அதற்கு மேல் வேண்டாம் என்றும் எழுதி வைத்தார்கள். 1908-இல் லண்டனில் அந்த அலுவலகம் திறந்ததற்கே காரணம், நம்பி ஒப்படைத்த சொத்தைத் தனியார் டிரஸ்டிகள் தின்று தீர்த்த கதைகள்தான். அந்த பயத்துக்கு மருந்தாக வந்த அலுவலகமே தேவைக்கு மேல் எடுத்துவிடக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

ஈடுகட்டும் தொகை என்பதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. தனியார் டிரஸ்டி தவறு செய்தால் அவரிடம் சொத்து இருந்தால்தான் பணம் திரும்பும். அஃபிஷியல் டிரஸ்டி தவறு செய்தால் அரசு வருவாயிலிருந்து ஈடு கேட்கலாம். ஒரு கோடி ரூபாய்ச் சொத்துக்கு நிற்கும் பொறுப்பு பத்து லட்சத்துக்கு நிற்பதைவிடப் பெரியது. அந்த அளவுக்குச் சொத்தின் மதிப்பை வைத்துக் கட்டணம் போடுவதில் நியாயம் உண்டு.

அந்த அளவுக்குத்தான். 5 சதவீதம் என்றே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த அலுவலகத்தின் விகிதமும் இல்லை, ஷிரூர் வழக்கின் எண்ணை இரவல் எடுக்கிறேன், வருமானத்துக்குப் பதில் சொத்து மதிப்பின் மேல் போடுகிறேன். நகரத்தில் ஒரு கோடி மதிப்புள்ள ஒரு ஃபிளாட், வாரிசு ஒரே மகள், பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் கையில். கட்டணம் 5 லட்சம். கிராமத்தில் 10 லட்சம் மதிப்புள்ள நிலம், வாரிசு 8 பேர், அதில் இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டும், பட்டா தாத்தா பெயரில், எல்லைத் தகராறு வேறு. கட்டணம் 50,000. வேலை எங்கே அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. ஃபிளாட்டின் வாரிசான மகள் கட்டும் 5 லட்சத்தில் பெரும்பகுதி கிராமத்து நிலத்தின் வேலைக்குப் போகிறது. ஏழைக் குடும்பத்துக்கு உதவி கிடைக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உதவியைச் செய்ய வேண்டியது பொதுக் கஜானா. துக்கம் ஆறாத ஒரு குடும்பத்தின் கணக்கில் கட்டணம் என்ற பெயரில் அதை ஏற்றினால், முகர்ஜி பிரித்துக் காட்டிய கோட்டின் வரிப் பக்கத்துக்குப் போய்விடுகிறோம். வசதிக்குத் தக்கபடி, எல்லோருக்குமாக, வேலையோடு தொடர்பில்லாமல் என்று அவர் சொன்ன அடையாளங்கள் எல்லாம் இங்கேயும் வந்துவிடுகின்றன.

இதே காரணத்தைச் சொல்லி யாராவது இன்று நீதிமன்றம் போனால் சுலபமாக ஜெயிப்பாரா? மாட்டார். ஷிரூர் தீர்ப்புக்குப் பிறகு நடந்தது அப்படி.

சென்னை அரசு அதே 1954-இல் சட்டத்தைத் திருத்தியது. பங்களிப்பு இனிமேல் கஜானாவுக்குப் போகாது, அறநிலைய நிர்வாகத்துக்கென்று தனி நிதி. ஒரிசா, பம்பாய் வழி. 1956-இல் மாநில எல்லைகள் மாறி, தென் கன்னடத்தின் பெரும்பகுதி மைசூர் மாநிலத்தோடு போயிற்று. திருத்திய சட்டத்தை எதிர்த்துக் காசி மடத்தின் சுதீந்திர தீர்த்த சுவாமியார் உச்ச நீதிமன்றம் வரை வந்தார். இந்த முறை அரசு ஜெயித்தது. தனி நிதி வந்துவிட்டது என்பது முக்கியக் காரணம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நீதிமன்றம் கூடவே இன்னும் சிலவற்றையும் சொன்னது. கட்டணம் எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் செய்த வேலையோடு அவர் கட்டியது நேராகப் பொருந்த வேண்டியதும் இல்லை. 1979-இல் பஞ்சாப் சந்தைக் கட்டணம் பற்றிய கேவல் கிருஷ்ண பூரி வழக்கில் கொஞ்சம் இறுக்கினார்கள்: வாங்கியதில் கணிசமான பகுதி கட்டியவர்களுக்கான வேலைக்கே செலவாக வேண்டும் என்றார்கள். 1983-இல் ஆந்திராவின் ஸ்ரீநிவாசா ஜெனரல் டிரேடர்ஸ் வழக்கில் மறுபடியும் தளர்த்தினார்கள்: பொதுவான ஒரு தொடர்பு இருந்தால் போதும் என்று ஆயிற்று.

இந்தத் தளர்வு எனக்கு உறுத்தலாக இருக்கிறது. சந்தை வியாபாரிகள் விஷயத்தில் பொதுவான தொடர்பு போதும் என்பதை ஏற்கலாம், சந்தையில் போட்ட சாலையும் விளக்கும் எல்லோருக்கும் பொது. வியாபாரி கட்டணத்தை விலையில் ஏற்றிக்கொள்ளவும் முடியும். ஒரு இறந்தவரின் சொத்தில் பொது என்று எதுவும் இல்லை. இன்ன தேதியில் இன்ன வங்கிக்கு எழுதினோம், இன்ன வாடகையை வசூலித்தோம் என்று வேலையை ஒவ்வொன்றாக எண்ண முடியும். எண்ண முடிந்த இடத்தில் எண்ணித்தான் வாங்க வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று பேரம் பேச வாரிசுக்கு வழியும் இல்லை. நீதிமன்றம் நியமித்த பிறகு வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று எழுந்து போகவும் முடியாது.

தமிழ்நாட்டில் இப்போதைய 1959 சட்டத்தின் 92-ஆவது பிரிவு அதே 76-இன் வாரிசு. வருமானம் அதிகமுள்ள கோயில்கள் 12 சதவீதம் வரை பங்களிப்பும் 4 சதவீதம் தணிக்கைக் கட்டணமும் கட்டுகின்றன. 1954-இல் செல்லாது என்று அடித்த எண் 5. தனி நிதி இருப்பதால் சட்டத்தின் முன் இது நிற்கிறது. அந்த நிதிக்கு ஒவ்வொரு கோயிலும் கட்டியது எவ்வளவு, அந்தக் கோயிலுக்காகச் செலவானது எவ்வளவு என்று ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பக்தர்கள் பார்க்கும்படி ஒட்டினால், 1954-இல் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததாகச் சொல்லலாம்.

சொத்தாட்சியர் அலுவலகத்திலிருந்து கணக்குத் தாள் வாங்கும் வாரிசுக்கும் இதையே சொல்வேன். கட்டணம் என்று போட்டிருக்கும் இடத்தைப் பார்த்ததும் எந்த விதிப்படி என்று எழுதிக் கேளுங்கள். சதவீதம் எதன் மேல் என்று கேளுங்கள். சொத்தின் மொத்த மதிப்பின் மேலா, கடன் போக மிஞ்சியதன் மேலா, வசூலான வாடகையின் மேலா என்பதைப் பொறுத்துத் தொகை பல மடங்கு மாறும். விளம்பரம், மதிப்பீட்டாளர், வக்கீல் செலவைத் தனியாகப் பிடித்திருந்தால், அதே வேலைக்குச் சதவீதத்திலும் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், நீதிமன்றம் மூலமாக வந்த சொத்தில் கணக்கை நீதிபதியின் முன் வைத்தே கேட்கலாம். போகும்போது 1954 மார்ச் மாதத்துத் தீர்ப்புகள் மூன்றையும் கையில் கொண்டு போங்கள், ஷிரூர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு ஒரிசாவை எடுத்து நீட்டும்.